எதிர்க்கரைப் புகை

ஸ்பிட்ஸ்பெர்கன்,
செப்டம்பர், 1912.

அன்பு மகள் அலெட்டேவுக்கு,

அப்பா எழுதுவது. கப்பல்காரர்கள் நங்கூரத்தைத் தூக்கப்போகிறோம் என்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். நானும் உன் வீட்டுக்காரரும் சுகமாகக் கரையிறங்கினோம். குடிசைக்குக் கூரை போட்டாயிற்று, சுவரிடுக்கில் பாசி அடைத்தாயிற்று. நீ பின்னிக் கொடுத்த கம்பளிக் காலுறையை இப்போதே மாட்டிக்கொண்டுவிட்டேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்கள் குடியிருக்கும் அந்த வலைக்கிடங்கு மாடிக்குத் தண்ணீர் வாளி தூக்காதே. உன் கொழுந்தன்மார் எதற்கு இருக்கிறார்கள்?

இங்கே என்ன வேலை என்று கேட்டாய். சும்மா இருப்பதுதான் வேலை. இந்தத் தீவுக்கு ராஜா கிடையாது. எந்த நாடும் இதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. மலையடியில் நிலக்கரி இருக்கிறதாம். அதனால் ஆளுக்கொரு கம்பெனி வந்து, 'இந்த இடம் எங்களுடையது' என்று பலகை எழுதி நட்டுவிட்டுப் போகிறது. பலகை மட்டும் நின்றால் போதாது. குளிர்காலம் முழுக்க அதன் பக்கத்தில் ஒரு ஆள் குடியிருக்க வேண்டும். காலிக் குடிசையைக் கண்டால் அடுத்த கம்பெனிக்காரன் பழைய பலகையைப் பிடுங்கிவிட்டுத் தன் பலகையை நட்டுக்கொள்வான். அதற்காகத்தான் எங்களை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வெளியே போனால் இன்னொருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

குடாவின் எதிர்க்கரையில் ஆங்கிலேயர் கம்பெனியின் குடிசை இருக்கிறது. கடல் உறைந்தபின் ஒரு மணி நேர நடை. காவலுக்கு வைத்திருப்பது நம் பக்கத்து ஆளைத்தான். பெயர் கொன்ராத், வெளித்தீவில் வீடு, ஹன்சினா என்று மனைவி, மூன்று பிள்ளைகள். கூட வந்தவன் கையில் கோடரி பட்டு இதே கப்பலில் ஊர் திரும்புகிறான். இனி கொன்ராத் தனி ஆள். இரண்டு கம்பெனிக்கும் கப்பல் ஒன்றுதான், அதில் செலவு மிச்சம் பிடிக்கிறார்கள். பகையை மட்டும் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நம் கம்பெனி மேனேஜர் என்னைப் படகு மறைவுக்குத் தனியே அழைத்தார். “பெரியவரே, எதிர்க்கரை ஆளு ஒத்தையில குளிர்காலம் தாங்க மாட்டான். ஓடிட்டாலோ, வேற எதாவது ஆயிட்டாலோ, நம்ம பலகைய அங்க நட்டுடுங்க. தேதி போட்டு நீங்களும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைக்கணும். ரெண்டு கையெழுத்து இல்லாட்டி செல்லாது,” என்றார். அது நடந்துவிட்டால் ட்ரோம்சோ துறைமுகத்தில் கம்பெனிக்குச் சொந்தமான சிவப்பு வீட்டைப் படகுத்துறையோடு உங்கள் பெயருக்கு எழுதித் தருவாராம். நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது வாசலில் நின்று நின்று பார்ப்பாயே, அந்த வீடுதான். உன் பிள்ளை வலை நாற்றத்தில் வளர வேண்டியதில்லை.

இதை உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ம்,” என்றார். சொந்த வீடு வருகிறது என்று சொன்னால் ஒரு மனிதர் “ம்” என்பாரா? சாமான் இறக்கும்போது மாப்பிள்ளை தோர்லைஃபும் அந்தக் கொன்ராத்தும் கரையில் நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு காற்றுக்கும் மழைக்கும் தாவிவிட்டது. சந்தேகம் என் கூடப் பிறந்தது, எனக்கே தெரியும். 'ஆண்டவரே வந்து கதவைத் தட்டினாலும் உங்கள யாரு அனுப்பினதுன்னு கேப்பீங்க' என்று உன் அம்மா சொல்வாள். இருந்தாலும் உன் காதில் போட்டு வைக்கிறேன்.

ஆண்டவர் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காக்கட்டும்.

உன் அப்பா,
இங்வால்ட்.


நவம்பர்.

அன்பு மகளே,

இந்தக் கடிதம் எந்தக் கப்பலிலும் ஏறப்போவதில்லை. அடுத்த கப்பல் ஜூனில்தான். ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். எழுதி மாவுப் பீப்பாய்க்குள் புதைத்து வைக்கிறேன். இந்த வீட்டில் ரொட்டி சுடுவது நான்தான், அங்கே வேறு யாரும் கை விடுவதில்லை.

சூரியன் போய்விட்டது. இனிமேல் பிப்ரவரியில்தான் முகம் காட்டும். கடல் உறைந்து கெட்டியாகிவிட்டது. சீல் இறைச்சியும் ஓட்ஸ் கஞ்சியுமாகப் பொழுது போகிறது. காபிக்கொட்டையைக் கப்பல்காரன் நனைத்துக் கொடுத்துவிட்டான். நாங்கள் பார்லியை வறுத்து அதைக் காபி என்று சொல்லிக் குடிக்கிறோம்.

இங்கே அண்டை வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி அவன் புகைபோக்கி. காலையில் எழுந்ததும் எதிர்க்கரையைத்தான் பார்ப்போம். நிலா இருந்தால் புகை தெரியும், இல்லாவிட்டால் ஜன்னலில் விளக்கு தெரியும். அவனும் நம்மை அப்படித்தான் பார்ப்பான். புகை வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நான் ஒருநாளும் பார்க்கத் தவறுவதில்லை. அக்கறையில்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போது உன் புருஷன் விஷயம். இனி அவன் என்றே எழுதப்போகிறேன், மரியாதை குறைவதற்கு மன்னித்துக்கொள். நரிப் பொறி பார்க்கிறேன் என்று சொல்லி ஒருநாள் விட்டு ஒருநாள் குடாவைத் தாண்டிப் போகிறான். நம் பொறிகள் எல்லாம் இந்தக் கரையில் இருக்கின்றன. திரும்பி வரும்போது கையில் நரி கிடையாது. போன வாரம் அவன் கோட்டை ஆணியில் மாட்டும்போது முகர்ந்து பார்த்தேன். அசல் காபி வாசனை. “எங்க போயிட்டு வர்றீங்க மாப்பிள்ளை?” என்றேன். “பொறி பாக்கத்தான் மாமா.” “ஓகோ. நரி காபி போட்டுக் குடுத்துச்சா?” பூட்ஸைக் கழற்றுகிறான், கழற்றுகிறான், கழற்றிக்கொண்டே இருக்கிறான்.

நீ கொடுத்தனுப்பிய மஞ்சள் பழ ஜாடியும் வேகமாக இறங்குகிறது. ஈறு வீங்கிப் பல் ஆடாமல், கால் கறுத்துப் போகாமல் இந்த ஊரில் மனிதனைக் காப்பாற்றுவது அந்தச் சதுப்புப் பழம்தான் என்று உனக்குத் தெரியும். நான் ஜாடியின் வெளிப்பக்கம் கரியால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மறுநாள் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. கேட்டால், “நான்தான் மாமா, ஆசையா இருந்துச்சு, ரெண்டு கரண்டி சேத்துத் தின்னுட்டேன்,” என்றான். பல்லிடுக்கில் ஒரு விதை தெரிந்திருந்தால் நம்பியிருப்பேன்.

நேற்று நெருக்கிக் கேட்டேன். அப்புறம்தான் வாய் திறந்தான். கொன்ராத்துக்கு ஈறு அழுகுகிறதாம். முழங்காலுக்குக் கீழே கறுத்துவிட்டதாம், எழுந்து நடக்க முடியவில்லையாம். பழமும் புது இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுக்கிறானாம்; பதிலுக்கு அவன் காபி கொடுக்கிறானாம்.

“அவனுக்கு நாம ஊட்டி விடணும்னு எந்தக் கம்பெனி சொல்லுச்சு?” என்றேன்.

“நம்ம ஊரு ஆளு மாமா.”

“ஊரு நம்ம ஊருதான். சம்பளம் எவன் குடுக்கறான்?”

“மூணு புள்ளைங்க இருக்கு.”

“உங்க புள்ள பிப்ரவரியில பொறக்கப்போகுது. அதுக்கு வீடு வேணாமா?” என்றேன். அதற்கும் “ம்” என்றான். உன் புருஷனின் அந்த “ம்” இருக்கிறதே, அதை வைத்து நீ எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாயோ.

எனக்கு அந்த நோயிலேயே நம்பிக்கை இல்லை. ஆங்கிலேயர் காசு எதிர்க்கரையிலிருந்து இந்தக் கரைக்கு வருகிறது என்றுதான் தோன்றுகிறது. நாளைக்கு நான் தூங்கும்போது நம் பலகையே காணாமல் போனாலும் ஆச்சரியமில்லை. ஒருவேளை நோய் நிஜமாகவே இருந்தாலும் நான் அவனுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. சும்மா இருக்கிறேன், அவ்வளவுதான். சும்மா இருப்பவனை எந்தக் கோர்ட்டும் தண்டிக்காது. ஜாடியை என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நம் பங்கு நமக்கு வேண்டும். இதில் நீ தப்பாக நினைக்க எதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரச் சுவர் பக்கம் தலை வைத்துப் படுக்காதே.

உன் அப்பா.


மார்ச்.

அன்பு அலெட்டே,

உனக்குக் குழந்தை பிறந்திருக்கும். ஆணா பெண்ணா, நீ எப்படி இருக்கிறாய், எதுவும் தெரியாமல் இங்கே இரண்டு ஆம்பிளைகள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒருவருக்கும் அதைப் பற்றிப் பேசத் தைரியம் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன் புருஷன் பேசுவதையே விட்டுவிட்டான். எதிர்க்கரைக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஒன்று கவனித்தேன். அதற்குமேல் நம் சாமானில் எதுவும் குறையவில்லை. இறைச்சி அப்படியே, சுட்டு வைத்த பனிக்கோழி அப்படியே. கோட்டில் காபி வாசனையும் இல்லை. வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருகிறான். திருடியபோதாவது எதற்குப் போகிறான் என்று தெரிந்தது. இப்போது என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. அங்கே புகை ஜோராக வருகிறது, கொன்ராத் தேறிவிட்டான், இருவரும் சேர்ந்து எனக்குக் குழி பறிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். சிவப்பு வீடு போயிற்று என்று ஒரு ராத்திரி அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

சூரியன் திரும்பிய பிறகு ஒருநாள் கரைப் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து முழங்காலைத் திருகிக்கொண்டான். பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது, எதிர்க்கரையில் புகை இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. படுத்த இடத்திலிருந்து, “மாமா, புகை வருதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். “வரலையே, ஏன் கேக்கறீங்க?” என்றேன். “என்னைய சறுக்கு வண்டியில வச்சு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போய் விடுங்க மாமா, கையெடுத்துக் கும்பிடறேன்,” என்றான். இவன் போனால் புகை வருகிறது, இவன் போகாவிட்டால் புகை இல்லை. சரி, புகையை வைத்து இரண்டு பேரும் ஏதோ சைகை பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

இங்கே எந்தக் குடிசைக்கும் பூட்டு கிடையாது. கதவைத் தள்ளினேன். உள்ளே மனிதச் சூடே இல்லை. கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. கட்டிலில் கம்பளி இல்லை. அடுப்பருகே மட்டும் மரச்சீவல் அடுக்கி, மேலே காய்ந்த சுள்ளி வைத்து, பக்கத்தில் தீப்பெட்டி வைத்திருந்தது. குடிசையை விட்டுப் போகிறவன் அடுத்து வருகிறவனுக்கு அப்படித்தான் வைத்துவிட்டுப் போக வேண்டும். விரல் விறைத்து வருகிறவனுக்குச் சீவல் சீவ முடியாது. அது இந்த ஊரின் சட்டம், எந்தக் கம்பெனிக்காரனும் அதை மீறமாட்டான்.

வெளியே வந்து குடிசையைச் சுற்றினேன். பின்புறம் கவிழ்த்த படகு, அதன் மேலே நரி நுழையாதபடி கல் அடுக்கியிருந்தது. ஒரு ஓரத்தில் கல்லை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆள் நீளத்துக்குக் கப்பல் பாய்த் துணியில் வைத்துத் தைத்திருந்தது. தையல் உன் புருஷனுடையது, வலை பின்னுகிறவன் தையல் தெரியாதா எனக்கு? மேலே பனி அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தது. அது நேற்றைய பனியல்ல, முந்தாநாள் பனியும் அல்ல.

உள்ளே வந்து, எதுவும் யோசிக்காமல் அந்த அடுப்பை மூட்டி அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வீடு கிடைத்துவிட்டது, அலெட்டே. காலிக் குடிசை. அதைத்தான் முதலில் நினைத்தேன். உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

நான் மூட்டிய புகையைப் பார்த்துவிட்டு உன் புருஷன் அந்த வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, கழியை ஊன்றிக் குடாவைத் தாண்டி வந்து சேர்ந்தான். வாசலில் விழுந்தான். தூக்கி அடுப்பருகே உட்கார வைத்தேன்.

“எப்ப?” என்றேன்.

“கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மாமா.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அன்னைக்கே பலகையத் தூக்கிட்டு ஓடியிருப்பீங்க.”

அது பொய்யில்லை. ஆங்கிலேயர் கம்பெனியில் ஒரு ஒப்பந்தமாம். மே மாதம் பிறக்கும்வரை குடிசையில் ஆள் இருந்தால்தான் சம்பளம். நடுவில் ஓடினாலும் செத்தாலும் காவலுக்கு வந்தவனுக்கும் இல்லை, வீட்டாருக்கும் இல்லை. சாகும்போது கொன்ராத் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, கப்பல் வரும்வரை என் அடுப்பு அணையக் கூடாது என்று வாக்கு வாங்கினானாம். இவனும் கொடுத்திருக்கிறான். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு செத்த மனிதன் வீட்டில், மறுநாளும் புகையும்படி நிலக்கரி அடைத்து அடுப்பு மூட்டிவிட்டு வந்திருக்கிறான். நானும் ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்து, திருட்டுப்பயல் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

“பலகை நாளைக்கு நட்டாகணும்,” என்றேன்.

“நடுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” பிறகு சிரிக்காமல் சொன்னான்: “இப்ப நம்ம குடிசையிலயும் ஆள் இல்ல மாமா. யாரு பலகைய யாரு புடுங்கறது?”

அவனைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு திரும்பினேன். புறப்படும் முன் அடுப்பருகே புதிதாகச் சீவல் சீவி வைத்தேன். பழக்கம், வேறொன்றுமில்லை. வழியில் நான் எதுவும் கேட்காமலே அவன், “அந்தப் பழம் இருந்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாரு மாமா,” என்றான். நான் கேட்கவில்லை, அலெட்டே. கேட்காத கேள்விக்கு ஒருவன் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அன்றிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். நிலம் இரும்பாக உறைந்திருந்தது, குழி தோண்ட முடியவில்லை. கல்லை அடுக்கி நடலாமே என்று நீ கேட்பாய். கல்லெல்லாம் அந்தப் படகின் மேல் இருக்கிறது. அதற்கு அடுத்த நாளும் நிலம் இளகியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இளகவில்லை. இவ்வளவு தூரம் குளிரில் போனவன் அடுப்பு மூட்டாமல் என்ன செய்வான்?

இன்னொன்று. கொன்ராத்தின் மனைவி அந்த ஹன்சினாவை உன் புருஷனுக்கு முன்பே தெரியுமா? நேரம் பார்த்து, சண்டை போடாமல் விசாரித்து வை.

உன் அப்பா.


ஜூன், 1913.

என் கண்ணு அலெட்டே,

கப்பல் வந்துவிட்டது. பெண் குழந்தை என்று கப்பல்காரன் சொன்னான், நீயும் நலம் என்றான். மாப்பிள்ளை அதைக் கேட்டதும் பீப்பாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நானும் இன்னொரு பீப்பாய்க்குப் பின்னால் போனேன்.

சிவப்பு வீடு இல்லை, அம்மா. மன்னித்துக்கொள். நிலம் கடைசிவரை இளகவில்லை. மாப்பிள்ளைக்குக் கால் சரியாக மே மாதம் ஆகிவிட்டது. அதுவரை தினம் காலையில் நான் பலகையோடு கிளம்புவேன், அவர் படுத்தபடியே ஜன்னல் வழியாக எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் திரும்பியதும், “நெலம் எளகுச்சா மாமா?” என்பார். “இல்ல,” என்பேன். கஞ்சி குடிப்போம். எங்களுக்குள் அதற்குமேல் பேச்சு இல்லை. ஏப்ரலில் சுரங்க ஊரிலிருந்து நம் கம்பெனி ஆள் ஒருவன் நாய் வண்டியில் வந்து, “எதிர்க்கரையில ஆள் இருக்கானா பெரியவரே?” என்று கேட்டான். “கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு? பொகை வருதில்ல?” என்று விரட்டிவிட்டேன். அன்று அடுப்பை மூட்டிவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இப்போது கப்பல் தளத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் மேனேஜரும் ஆங்கிலேயர் கம்பெனியின் ஏஜெண்டும் கப்பல் அறையில் இருக்கிறார்கள். எதிர்க்கரையில் கவிழ்த்திருந்த படகைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். உறைந்த உடம்பு எப்போது செத்தது என்று சொல்லாது, எங்களைத்தான் கேட்க வேண்டும். “மாமனாரும் மாப்பிள்ளையும் சேந்து சொன்னா நான் நம்ப மாட்டேன். ஒவ்வொருத்தரா வாங்க,” என்றார் மேனேஜர். மாப்பிள்ளை முதலில் போயிருக்கிறார். அடுத்தது நான்.

எங்கள் கிறுக்குத்தனத்தைக் கேள். மாதக்கணக்கில் ஒரே அறையில் படுத்தோம். எப்போது செத்தார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு தடவை பேசிக்கொள்ளவில்லை. அவர் கேட்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை. பேசினால் என் கழுத்தில் கிடக்கும் அந்தச் சாவியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

குளிர்காலம் முழுக்க இவர் பொய் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டேன். இன்றைக்கு இவர் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உண்மையே பேசுகிற ஆள்தானே உன் புருஷன், அதற்காகத்தானே அவரைக் கட்டிக்கொண்டாய். கிறிஸ்துமஸுக்கு முன் என்று அவர் சொல்லியிருந்து நான் மே மாதம் என்று சொன்னால் நான் பொய்யன். அவர் மே என்று சொல்லியிருந்து நான் ஏப்ரல் என்று உளறினால் அவரையும் கெடுத்தேன், வெளித்தீவில் அந்த மூன்று பிள்ளைகள் வாயிலும் மண்ணைப் போட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அலெட்டே. கரடியைப் பார்த்துக்கூட இப்படி நடுங்கியதில்லை.

மாப்பிள்ளை வெளியே வருகிறார். முகத்தைப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. மேனேஜர் எங்களைப் பேச விடவில்லை. என்னைக் கூப்பிடுகிறார்கள்.

*

முடிந்துவிட்டது. மிச்சத்தை அதே பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளை உன்னைப் பார்க்க இந்தக் கப்பலில் வருகிறார். குடிசை காலியாகக் கூடாது என்பதால் இலையுதிர்காலம் வரை நான் இங்கே இருக்கிறேன். இந்தக் கடிதங்களை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். இதில் இருப்பது வேறு எவர் கண்ணிலும் படக் கூடாது. அவர் வழியில் படித்தால் படிக்கட்டும். நவம்பரில் எழுதியதையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

உள்ளே ஏஜெண்ட் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் மாப்பிள்ளை சொன்னதை எழுதிய காகிதம், அதன்மேல் கையை விரித்து மூடியிருந்தார். “எதிர்க்கரைக் காவலாளி எப்ப இறந்தாரு? நாள் சொல்லுங்க,” என்றார்.

நான் உட்காரவில்லை. “என் மாப்பிள்ளை என்ன சொன்னாரோ அதுதான்,” என்றேன்.

“அவர் சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

“நான் வேற சொல்லறதுக்கு ஒண்ணுமில்ல. அவரு சொன்னதுக்குக் கீழ என் பேர எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜர் என்னையே பார்த்தார். “படிச்சுப் பாக்காமயா? நீங்களா?” என்றார். இத்தனை வருஷமாக என்னைத் தெரிந்தவர். கருவாட்டு ரசீதைக்கூட விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

“படிக்காமத்தான்,” என்றேன்.

காகிதத்தை மடித்து அடிப்பகுதியை மட்டும் நீட்டினார்கள். போட்டேன். பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஏஜெண்ட் தன் ஆட்களிடம், எதிர்க்கரைப் பலகை நம்முடையதாகவே நிற்கட்டும், புது ஆளை இறக்குங்கள் என்று சொல்வது காதில் விழுந்தது. கொன்ராத்தின் உடலை இதே கப்பலில் ஹன்சினாவிடம் கொண்டுபோகிறார்கள். வெளித்தீவுக்கு நீ ஒருமுறை போய் வா. என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

எந்த நாளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. மாப்பிள்ளை சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. நான் வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். நீயும் கேட்காதே, அம்மா. அவராகச் சொன்னாலும் எனக்கு எழுதாதே. அவர் சொன்னது எதுவோ அது அப்படியே இருக்கட்டும்.

ஆண்டவர் உன் மகளை உன்னைப் போல வளர்க்கட்டும், என்னைப் போல வேண்டாம்.

உன் அப்பா,
இங்வால்ட்.